கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பெயர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. காற்று குளிர்கிறது, சன்னலைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள். நம் மியூஸ் ஆற்றங்கரையில், ஒரே ஒரு சொல்லால் ஒரு பெண்பிள்ளை தலைதெறிக்க ஓடிய கதையைச் சொல்லப்போகிறேன்.

அவள் பெயர் கிஸ்லேன். வயது அறுபது. அவளை ஆறு மாதக் கர்ப்பமாகச் சுமந்துகொண்டுதான் அவள் அம்மா லியோனி நகர்மன்றக் கோபுரத்தில் ஏறி, கடிகார எண்களுக்குத் தங்கத் தாள் ஒட்டினாள். "கடிகாரத்துக்குப் பின்னாடி சுவத்துல உன் பேரை எழுதி வச்சிருக்கேன்டி" என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் படிக்கட்டு இற்றுவிட்டதென்று கோபுரத்தைப் பூட்டி ஐம்பத்தெட்டு வருடம் ஆயிற்று. கிஸ்லேன் அந்தச் சுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இந்தச் செப்டம்பரில் படிக்கட்டைச் செப்பனிட்டார்கள். பழைய கட்டிடங்களையெல்லாம் ஊருக்குத் திறந்துவிடும் ஞாயிற்றுக்கிழமையில் கோபுரமும் திறக்கும் என்றார்கள். மறுநாளே கொத்தனார்கள் வந்து உள்சுவர் முழுக்கச் சாந்து பூசிவிடுவார்கள். பார்த்தால் அந்த ஒரு நாள்தான்.

கோபுரச் சாவி வைத்திருக்கும் ஒமேர் சனிக்கிழமை போன் செய்தபோது எடுத்தவன் கிஸ்லேனின் புருசன் எர்வே. பிரான்சில் ஒர்லேயான் நகரத்துக்காரன். அவளைக் கட்டிக்கொண்டு நம் பெல்ஜியத்துக்கு வந்து இரண்டு மாதம்தான். "கோபுரத்துல கடைசியா ஏறுற கூட்டத்துல நமக்கு ரெண்டு இடம் இருக்காம். நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொன்னாரு" என்றான். அவளும் நம்பினாள்.

ஞாயிறு காலை முழுக்க இருவரும் கண்ணாடி அருங்காட்சியகத்தில் சுற்றினார்கள். இவளுக்கிருந்த படபடப்பில் ஒரு குப்பிகூடக் கண்ணில் பதியவில்லை. பிறகு சந்தைத் திடலில் ஒரு கூடாரத்தடியில் உட்கார்ந்து இறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினார்கள். ஒமேருக்குக் கொடுக்க வாங்கிய அரிசித் தார்ட், அதாவது பாலில் குழைந்த சோற்றை மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டது, பக்கத்திலேயே பெட்டியில் இருந்தது.

"ஏய்யா, இருட்டுல எதுக்கு ஏறச் சொல்றாரு? ஒமேர் அண்ணன் எட்டு மணிக்கே குறட்டை விடுற ஆளாச்சே."

"விளக்கெல்லாம் போட்டு அழகா வச்சிருப்பாங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு ரசனையே கிடையாதா?"

"அவரு வாயால என்ன சொன்னாரு? அதை அப்படியே சொல்லு."

"'தினே முடிஞ்ச கையோட வந்துருங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

கிஸ்லேனின் முள்கரண்டி தட்டில் விழுந்து தெறித்தது.

"தினேவா! அட மனுசா! இப்ப நீ மொக்கிக்கிட்டு இருக்கியே, இதுதான்யா தினே!"

"இது மத்தியானச் சாப்பாடாச்சே!"

"உங்க ஊர்லதான் தினேன்னா ராத்திரி. இங்க தினேன்னா மத்தியானம்! பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

நிமிர்ந்து பார்த்தாள். கூரைகளுக்கு மேலே அம்மா ஒட்டிய தங்க எண்கள் வெயிலில் மின்னின. மணி ஒன்று நாற்பது.

எழுந்தாள், ஓட்டம் பிடித்தாள். எர்வே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். குறுக்கே ஒரு வாத்தியக் கோஷ்டி. எர்வே முரசுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான், குழல்காரரிடம் கேட்டான், வேடிக்கை பார்த்த அம்மாளிடமும் கேட்டான்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டா திங்கக்கிழமை விடிஞ்சிரும்! இடிச்சுக்கிட்டு வாய்யா!"

போய்ச் சேர்ந்தபோது ஒமேர் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஏறி இறங்கியாச்சு, கிஸ்லேன். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன்? எங்கே போனேம்மா?"

"இந்த மனுசன் தினேன்னா ராத்திரின்னு நினைச்சுட்டாரு, அண்ணே!"

ஒமேர் எர்வேயை ஏற இறங்கப் பார்த்தார். "ராத்திரியில தினேவா? அப்ப மத்தியானம் பட்டினியா கிடப்பீங்களா, தம்பி?" சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. கிஸ்லேன் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஒமேரின் சிரிப்பு அடங்கியது. சாவியை மறுபடியும் திருகினார்.

"ஏறு. சீக்கிரம். ஆமா, அந்தப் பெட்டியில என்ன?"

மூச்சிரைக்க மேலே போனாள். பல்சக்கரங்கள் டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தன. வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள் சுவர் முழுக்க. விரலால் தடவித் தடவித் தேடினாள். சன்னலோரம், இடுப்புயரத்தில், பென்சிலால் எழுதிய அம்மாவின் சாய்ந்த எழுத்து:

"லியோனியும் என் மகன் கஸ்தோனும் இங்கே ஏறினோம்."

எர்வே எட்டிப் பார்த்தான். "கஸ்தோனா?"

கிஸ்லேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "அடிப்பாவி அம்மா! ஆம்பளைப் பிள்ளைன்னு எழுதி வச்சுட்டு, கடைசி வரைக்கும் மூச்சு விடலியே!"

"கஸ்தோன், கண்ணைத் துடைச்சுக்கோ" என்று எர்வே கைக்குட்டையை நீட்டினான். அதற்குள் ஒரு பென்சில் இருந்தது.

பின்னாலேயே ஏறி வந்திருந்த ஒமேர் தொண்டையைச் செருமினார். "சுவத்துல எழுதக் கூடாது. அது சட்டம். நாளைக்குச் சாந்து பூசப்போறாங்க, அது வேற விசயம். மேல மணி இருக்கான்னு பார்த்துட்டு வரேன்." தார்ட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

அம்மாவின் எழுத்துக்குக் கீழே கிஸ்லேன் எழுதினாள்: "மகன் இல்லை அம்மா, மகள். கிஸ்லேன். நானும் ஏறிவிட்டேன்." கடைசிப் புள்ளி வைக்கும்போது தலைக்கு மேலே மணி இரண்டடித்தது. மேலே மணியடியில் நின்ற ஒமேரும் சேர்த்து மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கேட்ட கண்ணுகளா, உங்கள் வீட்டில் மத்தியானத்துக்கு என்ன பேர் சொன்னாலும், ராத்திரிக்கு என்ன பேர் சொன்னாலும், தட்டு நிறையட்டும். தாமதமாக வருகிறவருக்கும் கதவு திறக்கட்டும். வயிற்றுப் பிள்ளை மகனோ மகளோ, அதன் பெயருக்கு உங்கள் சுவரில் என்றைக்கும் ஓரிடம் இருக்கட்டும்.