கம்பெனி ஆள்

திங்கட்கிழமை காலை, உலை மூட்டுவதற்கு முன்னால், சூப்பர்வைசர் எல்லாரையும் மணல் மேட்டுப் பக்கம் வரச்சொல்லி ஒரு ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார். அதன் நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா. கேமராவின் கண்ணாடி மேல் கிரீஸ் பூசி விரலால் இழுத்துவிட்ட தடம்.

"எவனோ தினம் ஒரு கேமராவுக்குக் கண்மை பூசிவிடுறான்," என்றார். "ஆள் யாருன்னு தெரியுற அன்னைக்குக் கை கழுவக்கூட விடமாட்டேன். அதே கையோட கேட்டுக்கு வெளியே."

கசடு தன் விரல்களைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தானும் யாரையோ தேடுகிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்தான்.

கசடு என்பது அவன் பேர் இல்லை. உருகின இரும்பின் மேல் ஏடு மாதிரி மிதக்கிற கசடை நீளக் கம்பியால் ஒதுக்கித் தள்ளுவது அவன் வேலை. வந்த வாரமே பேரும் அதுவாகிவிட்டது. அந்த வார்ப்புக் கூடத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். மணலில் அச்சு எடுக்கிறவர் அச்சுக்காரர். உலையைப் பார்க்கிறவர் உலைக்காரர். இரும்புக் குழம்பு சுமந்த வாளியை மேலே இருந்து நகர்த்துகிற கிரேன்காரிக்கு மேல்மாடி. நேரில் பேசும்போது மட்டும் மேல்மாடி அக்கா.

கண்மை பூசினது அவன்தான். கேமரா வந்ததிலிருந்து ஒரு நிமிஷம் குந்தினால் ஹெல்மெட்டுக்குள் டிக் டிக் என்று அடித்தது. தண்ணீர் குடிக்கப் போனால் அடித்தது. உலைச் சூட்டில் நின்று வெந்துவிட்டு வருகிறவனைத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்ல ஒரு பொத்தானுக்கு என்ன யோக்கியதை என்று அவனுக்கு ஆத்திரம். ஹெல்மெட்டுகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். எவன் பூசினான் என்று தெரிய வழியில்லை என்ற தைரியம் வேறு.

ஆனால் அந்தத் தைரியம் அவனை முன்பும் இரண்டு இடங்களில் கைவிட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் வாயால் வேலையைத் தொலைத்தவன். இப்போது பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். கம்பெனி கொடுத்திருக்கிற ஆஸ்பத்திரி கார்டை நம்பித்தான் பிரசவம். இந்த இடமும் போனால் கார்டும் போய்விடும்.

அதனால் கிரீஸ் விஷயத்தைக் கூடத்தில் யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னது ஒரே ஒரு ஆளிடம். அந்த ஆளின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

போனில் ஒரு விளையாட்டு. ஐந்து பேர் சேர்ந்து எதிராளியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்து வந்து குளித்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிடுவான். அதில் அவன் பேர் காட்டெருமை. இரண்டு வருஷமாக அவனுக்குத் துணையாக வருகிறவன் பேர் தூக்கணாங்குருவி. பேர்தான் குருவி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கனமாக இருக்கும். கசடு அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

"எனக்குக் கூடப் பொறந்தவன்னு ஒருத்தன் கிடையாது," என்பாள் பெண்டாட்டி. "உனக்கு மட்டும் எங்கிருந்து முளைச்சான் இந்த மச்சான்?"

ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குருவியும் அவனும் உலகத்தையே அலசுவார்கள். செவ்வாய்க்கு மனுஷனை அனுப்புகிறது தேவையா, பிள்ளைகள் போன் பார்த்தால் நிஜமாகவே கெட்டுப்போகுமா, நாளைக்கு எல்லா வேலையையும் மிஷின் செய்துவிட்டால் நாம் என்ன செய்வது, எல்லாம். குருவிக்கு எதிலும் ஒரு சந்தேகம் இருக்கும்.

"கேமரா நம்ம பாதுகாப்புக்காம்," என்றான் ஒருநாள் குருவி. "பாதுகாப்புன்னா முதல்ல ஓட்டை இல்லாத ஷூவைக் குடுக்கட்டும். கால் வேகுறதை விட்டுட்டு நெத்தியில கொண்டுபோய்க் காசைப் போடுறான்."

"அதான் மச்சான், நான் கிரீஸைப் பூசி விட்டுர்றேன். பாத்துக்கிட்டே இருக்கட்டும், இருட்டை."

குருவி சிரித்தான். "பூசு பூசு. ஆனா ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே."

திங்கட்கிழமை சாயங்காலம் கட்டிலில் சாய்ந்தபோது இந்தப் பேச்சு அவனுக்குச் சொல் மாறாமல் ஞாபகம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்து குத்தியது.

வார்ப்புக் கூடத்தில் யாரும் பொறு என்று சொல்ல மாட்டார்கள். ஆறட்டும் என்பார்கள். இரும்பு சிவப்பு போனபிறகும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், தொட்டவன் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் வந்த, இந்தக் கூடத்துக்கே உரிய பேச்சு. நாளடைவில் எல்லாவற்றுக்கும் அதுவே ஆகிவிட்டது. லாரி பின்னால் வரும்போதும் ஆறட்டும், டீ வாங்கப் போகிறவனை நிறுத்தவும் ஆறட்டும். கோட்டைக்குள் பாய்வதற்கு முன்னால் குருவி என்ன சொல்வான்? "ஆறட்டும், ஆறட்டும், இப்போ போ." இரண்டு வருஷமாகக் காதில் விழுந்திருக்கிறது. தான் பேசுகிற மாதிரியே பேசினதால் காது அதைத் தனியாகக் கேட்கவே இல்லை.

அப்படியென்றால் குருவி இந்தக் கூடத்து ஆள். கிரீஸ் விஷயம் வெளியே போனது அவன் வாயால்.

மறுநாள் கசடு வேலையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தான். அச்சுக்காரருக்கு ஓயாத இருமல், குருவி இருமினதே இல்லை. உலைக்காரர் வைத்திருப்பது பட்டன் போன், அதிலும் பாதிப் பட்டன் வேலை செய்யாது. மணல் சலிக்கிறவனின் கட்டைவிரலைப் பார்த்தான். ஓயாமல் விளையாடுகிறவனுக்கு விரல் நுனி தேய்ந்து மினுமினுக்கும். அவனுக்கு இருந்தது சேற்றுப்புண். எல்லார் குரலையும் கிணற்றுக்குள் போட்டுப் பார்த்தான். எதுவும் பொருந்தவில்லை. பொருந்தாதது சந்தேகத்தைக் குறைக்கவில்லை. எவ்வளவு அழுத்தமான ஆளாக இருந்தால் இப்படி மறைப்பான் என்று தோன்றியது.

சரி, நூல் விட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தான். குருவியிடம் ஒரு பொய்யைச் சொல்வது. அது கூடத்துக்குள் நடமாடினால் சந்தேகம் தீர்ந்தது. பொய்க்கு ஒரு ஆள் வேண்டும். மேல்மாடியை எடுத்துக்கொண்டான். அவள் யாரோடும் ஒட்டமாட்டாள். சாப்பாட்டைக்கூட மேலேயே தின்றுவிடுவாள். அந்தக் கிரேனை ஓட்ட வேறு ஆள் இல்லை. அவளைத் தொட எவனும் யோசிப்பான். இப்படியெல்லாம் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் ஹெட்போனை மாட்டினான்.

"மச்சான், ஒரு விஷயம். எங்க கிரேன் ஓட்டுற அக்கா கேமராவுக்கு எதிரா ஆள் சேர்க்குது. தொழிலாளர் ஆபீசுக்கே போகப்போறாங்களாம்."

விளையாட்டில் எவனோ குருவியைச் சுட்டான். குருவி நகரவே இல்லை.

"உனக்கு யார் சொன்னது?"

"காதுல விழுந்துச்சு."

"யார் சொன்னதுன்னு கேட்டேன்."

"அதை விடு மச்சான். நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

குருவி ஆட்டத்தை விட்டே வெளியேறிவிட்டான். இரண்டு வருஷத்தில் முதல்முறை. மாட்டிக்கிட்டான் என்று கசடு கட்டிலில் கையைக் குத்தினான். பெண்டாட்டி திரும்பிப் பார்த்தாள். "என்ன, மச்சான் கோவிச்சுக்கிட்டாரா?"

புதன்கிழமை கூடம் ஒரு மாதிரி இருந்தது. அச்சுக்காரர் மணல் சலிக்கிறவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், கசடு கிட்டே போனதும் இருமத் தொடங்கினார். டீ டம்ளரை நீட்டுகிற கை அவனைத் தாண்டிப் போனது. பொய் வேலை செய்கிறது என்று முதலில் ஒரு குரூர சந்தோஷம். கொஞ்ச நேரத்தில், எல்லாரும் தன்னை ஏன் பார்க்கிறார்கள் என்று குழம்பினான். பார்க்க வேண்டியது மேல்மாடியை அல்லவா?

மதியம் குழாயடியில் முகம் கழுவும்போது அவள் வந்து பக்கத்தில் நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் கீழே இறங்கி அவன் பார்த்ததில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கேமரா தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

"எவ்வளவு நாளா கம்பெனிக்கு உளவு வேலை பாக்குற, காட்டெருமை?"

அவன் கையிலிருந்த தண்ணீர் கையிலேயே நின்றது.

"அக்கா..."

"நேத்து வரைக்கும் மச்சான்."

"குருவி... அது நீங்களா? குரல் ஆம்பளைக் குரலாச்சே."

"போன்லயே குரலை மாத்துறதுக்கு இருக்கு. பொம்பளைக் குரல் கேட்டா அங்க என்னென்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒருதடவை ஒரு பொண்ணை நாலு பேரு அசிங்கமாப் பேசினப்போ நீயும்தான் சிரிச்ச. ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று தலையாட்டினான்.

"உன் குரலை வச்சே நீ யாருன்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "மேல இருந்து பாத்தா எல்லார் மண்டையும் தெரியும். நீ கிரீஸ் பூசுறதையும் பாத்திருக்கேன். இவன் தைரியமான ஆளு, இந்த வாரம் இவனையும் கேக்கலாம்னு இருந்தேன். ஆள் சேர்க்குறது நான்தான். எண்ணி நாலு பேருக்குத்தான் தெரியும். உனக்கு ஆபீஸ்ல சொல்லாம வேற யாரு சொல்லியிருக்க முடியும்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. நான் சும்மா கட்டிவிட்டேன்."

"கட்டிவிட்டே."

"சூப்பர்வைசருக்குக் கிரீஸ் விஷயம் தெரிஞ்சுபோச்சு. நான் குருவிகிட்ட மட்டும்தான் சொன்னேன். குருவிதான் கம்பெனி ஆளோன்னு நூல் விட்டுப் பாத்தேன்."

"அதுக்கு என் பேரை எடுத்து விட்ட. உனக்கு ஒண்ணும் பண்ணாத ஒருத்தி பேரை." ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நீ சொல்றது பொய்யின்னா நீ கம்பெனி ஆளு. நிஜமின்னா அதைவிடக் கேவலம். நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், இவன்கிட்ட வாயைத் திறக்காதீங்கன்னு."

ஏணியில் ஏறிப் போய்விட்டாள். கசடு குழாயை மூட மறந்து நின்றான்.

வாளியின் பக்கத்தில் நிற்கிறபோது மட்டுமாவது ஆட்கள் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். அன்றிலிருந்து அவனிடம் அந்தப் பேச்சும் கைஜாடையாகச் சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அவனை எடை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். அந்தக் கை அதுவரை எந்தத் தோளிலும் விழுந்து அவன் பார்த்ததில்லை.

"என்னடா, எல்லாரும் உன்னை நம்ம ஆளுன்னு பேசிக்கிறாங்களாமே."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"இல்லதான். எனக்குத் தெரியாதா? ஆனா பேரு வந்தாச்சு, அதை ஏன் வீணாக்குற? மேல்மாடி இப்பல்லாம் கீழ இறங்கி வருதாமே, யார் யார்கூடப் பேசுதுன்னு மட்டும் சொல்லு. வீட்ல பிரசவம்ல, நான் பாத்துக்குறேன்."

கசடு ஒன்றை மட்டும் கேட்டான். "கிரீஸ் விஷயத்தை உங்ககிட்ட யார் சார் சொன்னது?"

சூப்பர்வைசர் சிரித்தார். "அதுக்கு ஆள் வேணுமாடா? கண்ணாடி மங்குச்சுன்னா கம்ப்யூட்டரே சிவப்பு காட்டும். எவன் பூசினான்னுதான் அதுக்குத் தெரியல."

யாரும் சொல்லவில்லை. வெறும் மிஷின். அதை நம்பாமல் மனுஷனைச் சந்தேகப்பட்டிருக்கிறான். யோசிச்சுச் சொல்றேன் சார் என்று தப்பித்து வந்தான். வீட்டில் எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் கொட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். மச்சான் ஒரு பெண் என்ற இடத்தில் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

"அந்தக் கார்டுக்காக எவளையோ காட்டிக்குடுத்துட்டு வந்து என் பக்கத்துல படுக்காதே," என்றாள் கடைசியில். "அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் பிள்ளை பொறக்கத்தான் செய்யுது."

சனிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் கசடு கூடத்தின் நடுவில் போய் நின்றான். வார்த்துவிட்ட அச்சுகள் சுற்றிலும் புகைந்துகொண்டிருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றி, கேமரா தன் முகத்தைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தான். டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நல்லாப் பதிஞ்சுக்கோ," என்றான். "கிரீஸ் பூசினது நான்தான். எல்லா ஹெல்மெட்டுக்கும் நான்தான். எவனும் சொல்லிக்குடுக்கல. நான் கம்பெனி ஆளும் இல்ல."

ஒருவர் இருவர் மறுபடி டிபன் பாக்ஸ் பக்கம் குனிந்தார்கள். இன்னும் ஒன்று சொன்னால் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"மேல்மாடி அக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்க யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போகல."

சொல்லி முடிப்பதற்குள் தப்பு தெரிந்துவிட்டது. அச்சுக்காரர் டிபன் பாக்ஸை மூடினார்.

"யாராவது கேட்டாங்களா? யாரும் கேக்கல. கேமராவுக்கு நேரா வச்சு அந்தப் பொண்ணு பேரை எடுத்துக் குடுக்குறான் பாரு. என்ன நடிப்புடா."

"இல்லண்ணே..."

"அண்ணன்னு கூப்பிடாதே."

மாடியில் ஆபீஸ் கதவு திறந்தது. சூப்பர்வைசர் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தோளில் கை போட்ட முகம் இல்லை இது.

"கசடு, மேல வா. வரும்போது அந்தக் கிரேன்காரியையும் கூட்டிட்டு வா."

அவன் ஏணியடியில் போய் நின்றான். அவளுக்கும் கேட்டிருந்தது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. அவனைத் தாண்டும்போது நின்றாள்.

"உள்ளே நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காம இருந்தா அதுவே பெரிய உபகாரம்."

நம்பித்தான் சொல்கிறாளா, இவன் வாயால் இன்னும் யார் பேர் வருமோ என்று பயந்து சொல்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு அவள் பின்னால் இரும்புப் படியில் ஏறினான். கீழே அத்தனை ஹெல்மெட்டும் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தன.