நல்வாழ்வுத் திட்டம்

விடியுமுன்பே டானிக்கா, இதயம் நின்றுபோன ஒரு கிழவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்கடியில் விலா எலும்பு முறிந்தது. வியர்வை கண்ணில் எரிந்தது. பிட்ஸ்பர்க்கின் அந்த ஆஸ்பத்திரியைத் தூக்கி நிறுத்துவது இவளைப் போன்ற பயிற்சி மருத்துவர்கள்தான். பெயர் வாங்குவதோ இயக்குநர் பிரெஸ்காட். கிழவர் பிழைத்தார். இவளுக்குக் காப்பி குடிக்கவும் நேரமில்லை.

தூக்கமில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று போன மாதம் மருத்துவர் நல்வாழ்வுத் திட்டத்தில் போய்ச் சொன்னாள். அதுதான் அவள் செய்த குற்றம். மதுவைத் தொடாதவள் குடிகாரர் மறுவாழ்வு விடுதியில் போய்க் கிடக்கவேண்டுமாம். அதுவரை, கூப்பிட்டபோதெல்லாம் ஒருத்தி நின்று பார்க்க, போதைச் சோதனைக்குக் குப்பியில் சிறுநீர் கொடுக்கவேண்டுமாம். மறுத்தால் மருத்துவ உரிமம் போய்விடும். வேலைநேரத்தைக் குறைப்போம் என்று எவனாவது வாய்திறந்தானா? மூச்! ஆறிப்போன பீட்சா வாங்கிப்போட்டு நல்வாழ்வு வாரம் கொண்டாடினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

காலையில் வார்டைச் சுற்றி நோயாளிகளைப் பார்க்கையில் பிரெஸ்காட் வந்தார்.

"டானிக்கா, சோதனைக்குக் கூப்பிட்டிருக்காங்க. கீழே போயிட்டு வாங்க."

"நோயாளியைப் பாத்துட்டிருக்கேன், டாக்டர்."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். நாம ஒரே குடும்பமில்லையா?"

"எந்தக் குடும்பத்துல ஒண்ணுக்குப் போறதை நின்னு பாக்கறாங்க?" என்றான் அவளோடு பயிலும் டைரெல்.

"உன்னை யாரும் கேக்கல."

"கேக்கலேன்னாலும் சொல்றேன். நானும் மாத்திரை போட்டுத்தான் தூங்கறேன். சொன்னா என் கையிலயும் குப்பியைக் குடுப்பீங்கன்னு பயந்து வாயை மூடிட்டிருந்தேன்."

"நானும்தான்," என்றாள் ஒருத்தி. பின்னாலிருந்து இன்னொரு குரல். பிரெஸ்காட்டின் சிரிப்பு கோணிற்று. இத்தனை நாளும் தான் ஒருத்திதான் உடைந்துபோனவள் என்று கூசிக்கிடந்த டானிக்கா நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள்.

பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேர் நோயாளிகளைப் பார்க்க வார்டில் நின்றார்கள், மீதிப்பேர் அவளோடு இறங்கினார்கள். சோதனை அறையில், எப்போதும் நின்று பார்க்கும் லூசில் குப்பியை நீட்டினாள். டானிக்கா வாங்கவில்லை.

"எனக்கு வேண்டியது வைத்தியம். தூங்க நேரம். இது இல்ல."

"மறுத்தா சோதனையில தோத்ததாத்தான் எழுதணும், கண்ணு. உரிமம் போயிடும்."

"எழுதுங்க."

"என் பேரையும் எழுதுங்க," என்று டைரெல் முன்னே வந்தான். "நல்ல பேனாவா எடுத்துக்குங்க. மாடியில இருக்கறவங்களும் பேர் குடுக்க மாத்தி மாத்தி வருவாங்க."