மூன்றாவது இருக்கையில் இருப்பது யார்

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் இல்லாமல் என்னிடம் பிடிபட்டவர்களை எல்லாம் ஓர் ஊரில் குடிவைத்தால், அந்த ஊருக்கென்று தனியாக ஒரு ரயில் நிலையம் கட்டவேண்டி வரும். ஆனால் டிக்கெட் வைத்திருந்த ஒருவரைக்கூட நான் இறக்கிவிட்டதில்லை. இந்தப் பெருமையைப் பல்தேய்க்கும்போதுகூட வாய் நிறைய நுரையோடு மனைவியிடம் சொல்லிவந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனின் வீட்டுக்குள்ளேயே யாரோ ஓசிப் பயணம் செய்வது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரியவந்தது.

உள்ளூர் வானொலியில் ‘கேட்டுப் பழகிய சத்தம்’ என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் தாங்களே ஒலிகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, பத்து நிமிடத் தொகுப்பாக அனுப்பவேண்டும். நல்லதாக ஒன்றை எடுத்து ஒலிபரப்புவார்கள். எனக்குப் பழகிய சத்தம் எதுவென்று சொல்லவும் வேண்டுமா? மேம்பாலத்தில் கைபேசியோடு நின்று, ஊதல், சக்கரம், கதவு அடிக்கும் ஓசை, பெட்டிகள் முட்டிக்கொள்ளும் ஓசை என்று நான் பிடித்துவைத்த சத்தங்களை அவிழ்த்துவிட்டால் ஊரே இடம்பெயர்ந்துவிடும். என் ரயில் வானொலியில் ஓடப்போகிறது என்று பால்காரர், முடிதிருத்துபவர், எதிர்வீட்டு நாய் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

இந்த நேரம் பார்த்துத் திங்கட்கிழமை என் பழைய கணினி உயிரை விட்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது, காய்ச்சல்காரருக்குப் பற்றுப்போட்ட மாதிரி அதன் தலைமேல் ஒரு ஈரத்துணி கிடந்தது. நல்லவேளை, என் சத்தங்களெல்லாம் பென்டிரைவில் இருந்தன. புதுக் கணினி வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில், ஒலியை வெட்டும் அந்த மென்பொருளை அதில் நிறுவப்போனால், திரை என்னைப் பார்த்துக் கையை விரித்தது. இந்த உரிமம் ஒரு வீட்டில் மூன்று கணினிகளுக்கு மட்டும். மூன்று இடமும் நிரம்பிவிட்டது.

மூன்றா? என் பழைய கணினி ஒன்று. மாடியில் குடியிருக்கும் மகளின் மடிக்கணினி ஒன்று. அதையும் தூக்கிக்கொண்டு அவள் வேலையாக வெளியூர் போயிருந்தாள். மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருப்பது யார்?

திரையில் மூன்று பெயர்கள் இருந்தன. விசைப்பலகைமேல் பூனை நடந்த மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்குத் தொலைபேசியில் பேசி அவள் கணினியின் பெயரைப் படிக்கச் சொன்னேன். முதல் பெயர் அவளுடையது. மற்ற இரண்டில் ஒன்றைக் கடைசியாகத் திறந்தது ஞாயிற்றுக்கிழமை. அது என் பழையது, அமரர். இன்னொன்றைத் திறந்தது நேற்று. நேற்று, என் கணினி செத்து மூன்றாம் நாள், எவனோ ஒருவன் என் உரிமத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

“என்னங்க, காலையிலேயே கம்ப்யூட்டரோட சண்டையா?” என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள்.

“நம்ம லைசென்ஸ்ல எவனோ ஓசியில உக்காந்திருக்கான்.”

“உக்காந்துட்டுப் போறான். உங்க மடியிலயா உக்காந்தான்?”

சொல்லிவிட்டு இஸ்திரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வாரமாக வீட்டில் ஓயாத இஸ்திரி. ஆனால் நான் போட்டிருந்த சட்டையோ சுருட்டி எறிந்த கடுதாசி போலிருந்தது. அதையெல்லாம் கேட்க எனக்கு நேரமில்லை. திருடனைப் பிடிக்கவேண்டும்.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. டிக்கெட் இல்லாதவன் தூங்குவான். பரிசோதகர் பெட்டிக்குள் கால் வைத்ததும், செத்தவன் தோற்றுப்போகும்படித் தூங்குவான். ஆனால் இமை துடிக்கும். தூங்கத் தெரியாதவன் அளவுக்கு மீறி மரியாதை காட்டுவான். இந்த இரண்டு வகையையும் தேடிக்கொண்டு முதலில் மாடி ஏறினேன்.

சளி என்று விடுப்பு எடுத்திருந்த மாப்பிள்ளை, என்னைக் கண்டதும் நாற்காலி பின்னால் சாய்ந்துவிழ எழுந்து நின்றார்.

“வாங்க மாமா. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு மாப்ள. சத்தம் வெட்டுற அந்தப் புரோகிராம் உங்ககிட்ட இருக்கா?”

“என்கிட்டயா? என் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இல்ல இருக்கு.”

“இங்க பழைய லேப்டாப் ஒண்ணு கிடந்துச்சே?”

அவர் காது சிவந்தது. சளிக்குக் காது சிவக்குமா என்று எந்த மருத்துவரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

“அதுவா... பேட்டரி வீக்கு மாமா. யாருக்கோ குடுத்துட்டோம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீங்க சாப்பிட்டீங்களா?”

ஒரே பேச்சில் இரண்டு தடவை ‘சாப்பிட்டீங்களா’ கேட்கும் மாப்பிள்ளையை நம்பக்கூடாது. மனதில் முடிச்சுப்போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆனால் என் பெரிய சந்தேகம் வேறோர் ஆள்மேல். மனைவியின் தம்பி. கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். சட்டைப்பையில் எந்நேரமும் திருப்புளி இருப்பதால் எங்கள் வீட்டில் அவன் பெயரே திருப்புளிதான். இந்த மென்பொருளை எனக்கு முதலில் நிறுவிக் கொடுத்தவன் அவன். உரிமத்தின் சாவி எண் அவன் கை வழியாகத்தான் வந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவனுடையதைக் கடை என்றால் கடை, சவக்கிடங்கு என்றாலும் குற்றமில்லை. குடல் வெளியே தெரியும் கணினிகள் சுவர் முழுக்க. பழைய டப்பா மூடிகளில் திருகாணிகள். காற்றில் ஈயம் உருகும் வாடை. நான் படி ஏறுவதைப் பார்த்ததும், மேசைமேல் இருந்த கைபேசியைச் சட்டென்று கவிழ்த்துவைத்தான். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

“யாருடா போன்ல?”

“அக்காதான் அத்தான். சும்மா.”

“என் லைசென்ஸை இங்க எந்த மெஷின்ல போட்டு வச்சிருக்க?” திரையில் கண்ட பெயர், கிழமை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“உங்க சத்தம் வெட்டுற புரோகிராமை வச்சு நான் என்ன பண்றது? இங்க வர்றதுக்கெல்லாம் பாதிக்கு வாயே இல்ல.”

“சாவி உன் கையிலதானே இருந்துச்சு.”

“சாவி வச்சிருந்தவன் திருடன்னா, பூட்டு விக்கிறவன் என்ன கொலைகாரனா?” என்றவன், முகத்தை மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான். “அத்தான், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கறது உங்க செத்துப்போன கம்ப்யூட்டர். அதை நீக்கிடுங்க, புதுசுல போடுங்க. முடிஞ்சுது கதை.”

“பொணத்தை இறக்கிட்டு, திருடனுக்கு ஜன்னல் சீட் குடுக்கச் சொல்ற.”

“ஆறு மணிக்குள்ள உங்களுக்கு ரயிலை அனுப்பணுமா, திருடனைப் பிடிக்கணுமா?”

“ரெண்டும்.”

“வருஷத்துக்கு ஒரு தடவைதான் நீக்க முடியும். தப்பா நீக்கிட்டா அடுத்த வருஷம் வரைக்கும் அழுதாலும் வராது. யோசிச்சுப் பண்ணுங்க.”

இதைச் சொல்லும்போது அவன் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது. பூகம்பம் வந்தாலும் திருகாணியை விடாத கை அது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். போதும் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

மதியச் சாப்பாடு முடிந்து, கணினி முன்னால் உட்கார்ந்து, செத்ததை விட்டுவிட்டு, ‘நேற்று’ என்று இருந்ததை நீக்கினேன். ஓடுகிற ரயிலில் சங்கிலியை இழுத்தால் யாராவது எட்டிப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? காலியான இருக்கையில் என் புதுக் கணினியை ஏற்றினேன். மென்பொருள் பூப்போல் திறந்தது. பென்டிரைவைச் செருகிவிட்டு, ஒரு காதை மாடிப்பக்கமும் ஒரு காதைத் தொலைபேசிப்பக்கமும் தீட்டிவைத்துக் காத்திருந்தேன்.

மாடியில் ஒரு தும்மல்கூட இல்லை. தொலைபேசி ஊமையாகக் கிடந்தது. இஸ்திரி அறையின் கதவு திறந்தது.

மனைவி நின்றாள். கழுத்தில் ஹெட்போன் மாலையாகத் தொங்கியது. அவள் தோளுக்குப் பின்னால், இஸ்திரி மேசைமேல், மகளின் பழைய மடிக்கணினி. இஸ்திரிப்பெட்டியோ ஒயரைச் சுற்றிக்கொண்டு, தண்டனை வாங்கிய பிள்ளைபோல் மூலையில் நின்றது.

“என்னங்க, அந்தப் புரோகிராமை என்ன பண்ணீங்க?”

“எந்தப் புரோகிராம்?”

“நான் பாட்டுக்கு வேலை பார்த்துட்டிருந்தேன். திடீர்னு இந்தக் கணினிக்கு அனுமதி இல்லைன்னுட்டு மூடிக்கிச்சு. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்.”

“எங்க?”

“நீங்க அனுப்புற அதே இடத்துக்குத்தான்.”

“நீயுமா?”

“ஏன், மூக்குக்கண்ணாடி போட்ட ஆம்பளைங்க மட்டும்தான் அனுப்பணும்னு வானொலில சொன்னாங்களா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா எதிர்வீட்டு நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்.”

நான் எழுந்து, பழைய உத்தியோகக் குரலை எடுத்துக்கொண்டேன். “இதோ பாரும்மா. லைசென்ஸ் என்னோடது. கேக்காம ஏறினது தப்புதான். இதுக்குப் பேரு டிக்கெட் இல்லாப் பயணம்.”

“அந்த லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்கு? படிங்க. சத்தமா.”

படித்தேன். ‘ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் மூன்று கணினிகள் வரை பயன்படுத்தலாம்.’

“நான் எந்த வீட்ல வசிக்கிறேன்?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“நான் உங்களுக்கு என்ன வேணும்?”

இன்னொரு தடவை துடைத்தேன்.

“அப்ப எங்கிட்ட டிக்கெட் இருந்திருக்கு. பாதி வழியில இறக்கி விட்டுட்டீங்க.”

என் சர்வீஸ் முழுவதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிய பெருமை, ஒரு இஸ்திரி அறை வாசலில் உடைந்து நொறுங்கியது. சத்தம் நான்கு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

திருப்புளிக்குத் தொலைபேசி போட்டேன். “நான் சொன்னேன்ல அத்தான்,” என்றான். அக்காவுக்கு நிறுவிக் கொடுத்தவன் அவன்தானாம்; சொல்லக்கூடாது என்று அவள் வாக்கு வாங்கியிருந்தாளாம். சத்தம் கேட்டு இறங்கிவந்த மாப்பிள்ளை, மடிக்கணினியை மாமியாருக்குக் கொடுத்ததைத் தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார். ஆக, என் சந்தேகம் ஒன்றும் சோடை போகவில்லை. முழுப் பெட்டியும் கூட்டுக் களவாணிகள்தான், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் டிக்கெட். மென்பொருள் நிறுவனத்தைக் கூப்பிட்டால், இனித் திங்கட்கிழமைதான் பேசுவோம் என்று ஓர் இயந்திரக்குரல் இனிமையாகச் சொன்னது.

மணி நான்கைத் தாண்டிவிட்டது. மென்பொருள் ஓடும் கணினி வீட்டில் ஒன்றே ஒன்று. என் ரயிலில் பாலம் தாண்டும் இடம் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. அவளுடையதில் முடிவு பாக்கி. இரண்டு பேர் வேலைக்கும் நேரம் போதாது.

“உங்க இஷ்டம்,” என்றாள். எந்த மனைவியும் இந்த வார்த்தையை அந்தப் பொருளில் சொல்வதில்லை.

பால்காரரை நினைத்தேன். முடிதிருத்துபவரை நினைத்தேன். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்தேன். அந்த நாற்காலி என்னோடு சேர்ந்து எழுந்துவிடுமோ என்கிற அளவுக்கு உடம்பு கனத்தது. டிக்கெட் உள்ளவருக்கு இருக்கை தரவேண்டும். வேறு சட்டம் எனக்குத் தெரியாது.

அவள் தன் கோப்பை இந்தக் கணினிக்கு மாற்றி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தமாக ஓடவிட்டாள். கேட்டுப் பழகிய சத்தம் வந்தது.

என் குரல்.

“அந்தப் பெட்டியில ஒருத்தன், சீட்டுக்கு அடியில பதுங்கியிருந்தான்...” அது மகள் கல்யாண வீட்டில் நான் சொன்னது. ஒரு ரயில் ஊதல். “மூணு பேரு, சீட்டுக்கு அடியில...” இது யாரோ ஒருவரின் பிறந்தநாள். மறுபடி ஊதல். பிறகு ஏழு பேர். பிறகு மேளதாளத்தோடு ஒரு கோஷ்டி. கடைசியில் நான் பெட்டியின் கூரைமேல் ஓடி, நாற்பது பேரையும் இரண்டு ஆடுகளையும் ஒரே கையால் மடக்குகிறேன். எத்தனை வருஷமாகப் பதிவு செய்திருக்கிறாள். ஒரு நாளாவது எனக்குச் சந்தேகம் வந்ததா?

“இந்த ஊதல் என்னோடது,” என்றேன். “என் பென்டிரைவ்ல இருந்தது.”

“ஒரே வீட்ல வசிக்கிற குடும்பம்,” என்றாள், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

பிறகு கைபேசியை வாயருகே பிடித்து, முடிவை அவளே பேசிப் பதிவு செய்தாள். “முதல் தடவை, கல்யாணமான புதுசுல, என்கிட்ட இந்தக் கதையைச் சொன்னாரு. அப்ப அந்தப் பெட்டியில யாருமே இல்ல.”

“இரு, இரு. ஒரு பூனை இருந்துச்சு.”

“நீங்க சொன்னதும் பதிவாயிடுச்சு.”

“வெட்டிடு.”

“மாட்டேன். நல்லாயிருக்கு.”

ஆறு மணிக்குச் சற்று முன்னால் அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டுவந்து, நல்லவேளையாக, சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் கொடுத்தார்.

அடுத்த வாரம் வானொலியில் அதைத்தான் ஒலிபரப்பினார்கள். என் ரயிலும் ஓடியது, நானும் ஓடினேன், கடைசியில் பூனையும் வந்தது. பால்காரர் சிரித்த சிரிப்பில் பால் தயிராகியிருக்கும். இப்போது தெருவில் யாரும் என்னிடம் நேரம்கூடக் கேட்பதில்லை. பூனை சௌக்கியமா என்றுதான் கேட்கிறார்கள். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. நாற்பது பேரையும் இரண்டு ஆடுகளையும் ஊரே காது கொடுத்துக் கேட்டதே.

ஆனால் அன்று நிகழ்ச்சி முடிந்து வானொலியை அணைத்தபோது, ஒன்று மூளையில் முள்ளாகக் குத்தியது. திங்கட்கிழமை. போட்டிக்கு நான்கே நாள் இருக்கும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி. அதன் தலைமேல் ஒரு ஈரத்துணி.

“ஏம்மா,” என்றேன். “அன்னைக்கு என் பழைய கம்ப்யூட்டரைத் துடைச்சது யாரு?”

திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நேரம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள், சோபாவில் தலையைச் சாய்த்து, செத்தவன் தோற்றுப்போகும்படித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மெல்லக் குனிந்து, பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இமை துடித்தது.