பூட்டு மாமாவுக்கு ஒரு ஜோடி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பல் டாக்டரிடம் காத்திருந்தபோது கிடைத்தது. சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல். ஏதோ நகைச்சுவைத் தொடர். வயதான ஒருவர் ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்கலங்கி ஏதோ சொன்னார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். கொல்லென்று சிரிப்பு, அதுவும் பதிவுசெய்து ஒட்டிய சிரிப்பு. அட பாவிகளா!

2

"பூட்டு மாமாவுக்குக் காதல் வந்தது என்றால் நீங்கள் நம்ப..."

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்களும் சிரிப்பீர்கள்.)

இப்படி வைத்துக்கொள்வோம். டிவியில் பார்த்த அந்த வயதானவர்தான் பூட்டு மாமா; தொடரில் ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் இழுத்துப் பார்க்கும் கிறுக்கர். வருடக்கணக்காக அதே வேடம். லைட்மேன் முதல் டைரக்டர் வரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்ல வீட்டிலும் ஆளில்லை. இந்த வாரம் மாமாவுக்குக் காதல். ஜோடியாக ஒரு நடிகை, ஒரே ஒரு எபிசோடுக்கு.*

* இந்த மாதிரித் தொடர்களில் அதுதான் சட்டம். கடைசிக் காட்சியில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும், வந்தவள் போய்விட வேண்டும்.

3

வசனகர்த்தா கடைசி நேரத்தில் ஒரு தாளை மாற்றினார். புதுத் தாள் நடிகைக்குப் போனது. மாமாவுக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

மாமா படித்த பழைய தாளின்படி அவள் தன் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவள் போகவில்லை.

"நீங்க தனியா உக்காந்து சாப்பிடறதைப் பாத்தா எனக்குத் தாங்கல. நாளைலேருந்து நான் வரட்டுமா?"

இது வசனத்தில் இல்லையே! மாமாவுக்குக் கைகால் ஓடவில்லை. உண்மையிலேயே அவர் மதியம் ஒப்பனை அறையில் தனியாகத்தான் சாப்பிடுவார். பார்த்திருக்கிறாள், அதனால்தான் கேட்கிறாள் என்று நினைத்தார்.

"வாங்க..." என்றார். "என்னை யாரும் இப்படிக் கேட்டதே இல்லைங்க."

"கட்! மாமா, பின்னிட்டீங்க போங்க!" என்று டைரக்டர் கைதட்டினார்.

4

முடிவு ஒன்று: உதவி இயக்குநர் போட்டு உடைக்கிறார். "அய்யோ மாமா, உங்களுக்குப் புதுத் தாள் வரலையா? அது எழுதிக் குடுத்த வசனம்!" (எழுதினேன், அடித்துவிட்டேன். அதைக் கேட்ட அவர் முகத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.)

முடிவு இரண்டு: மாமா மனதைத் திறக்கிறார், அவளும் சம்ம... (பொய். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

மூன்றாவது என்னிடம் இல்லை. இப்போதைய நிலவரம் இதுதான்: வேடத்தைக் கலைத்து, முகம் கழுவி, தலைவாரிக்கொண்டு மாமா வெளிவாசலில் நிற்கிறார். நடிகை கைப்பையைத் தோளில் மாட்டியபடி வருகிறாள்.

"என்ன சார், இன்னும் கிளம்பலையா?"

"உங்களுக்காகத்தான் நிக்கறேன்." மாமா வாரிய தலையை மறுபடி தடவிக்கொள்கிறார். "நாளைக்கு வர்றேன்னீங்களே... எத்தனை மணிக்கு வருவீங்க?"

அவளுக்கு இன்னும் புரியவில்லை. இதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. அவள் என்ன சொல்லலாம் என்று நீங்களே சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள். மனிதர் பதிலுக்கு நிற்கிறார்.