இப்பத்தான் தீர்ந்துச்சு

அந்தச் சந்தில் ஃபிரிட்ஜ் வைத்திருந்தவள் ஒருத்திதான். அதனால் அவளுக்குப் பெயரே ஃபிரிட்ஜ்காரம்மா. சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவளுக்கு அந்தப் பெயர் கிரீடம் வைத்த மாதிரி. யாராவது கூப்பிட்டால், காதில் விழாதவள் போல இன்னொரு தடவை கூப்பிட வைத்துத்தான் திரும்புவாள்.

அந்த ஃபிரிட்ஜ் ஓடாது என்பது வேறு விஷயம். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற அவள் புருஷன், வேலைக்குப் போன இடத்தில் வேண்டாமென்று வெளியே போட்டதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே மோட்டாரே இல்லை. இவள் அதைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, வாசலைப் பார்க்க நிறுத்தினாள். எதிர்வீட்டுத் தையல்காரி வாரம் தவறாமல் வந்து, "அக்கா, ரெண்டு ஐஸ் கட்டி இருக்குமா?" என்பாள். "அடடா, இப்பத்தான் தீர்ந்துச்சு" என்பாள் இவள். மூன்று வருஷமாக இப்பத்தான் தீர்ந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரியாக இருந்தால் பொய்யையாவது மாற்றிச் சொல்லியிருப்பாள். இவளுக்கு அதற்கும் சோம்பல்.

மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் போதுமா? கட்டணத்தைக் கேட்டதும் புருஷனுக்கு மயக்கம் வராத குறைதான். ஓர் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் முதலில் வீட்டை வந்து பார்ப்பார்கள் என்றார்கள். மகள் மனு போட்டாள். அது கிடைக்காவிட்டால் அவளும் அம்மா பக்கத்தில் நின்று இஸ்திரி போட வேண்டியதுதான். கடைக்காரர் இன்னொரு மேஜையைத் தயாராகவே வைத்திருந்தார்.

வீடு பார்க்க ஆள் வருகிறது என்றதும் இவள் என்ன செய்தாள் தெரியுமா? கஷ்டத்தைக் காட்ட வேண்டிய நாளில், தையல்காரியிடம் பூப்போட்ட திரைச்சீலையை இரவல் வாங்கி மாட்டினாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டாள் மகராசி.

வந்த அதிகாரி அம்மாள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனாள். அறை ஒன்று, தகரக் கூரை. ஃபிரிட்ஜைப் பார்த்ததும் பேனா நின்றது. "ஃபிரிட்ஜெல்லாம் இருக்கே. வசதியாத்தான் இருக்கீங்க" என்றாள்.

நம் ஆளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஏதோ, கடவுள் புண்ணியத்துல" என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, அதிகாரி தாளை மடித்தாள்.

தன் திரைச்சீலை எப்படித் தொங்குகிறது என்று பார்க்க வந்த தையல்காரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் மூன்று வருஷத்து மானம் போகும். திறக்காவிட்டால் மகளின் படிப்பு போகும். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் திறந்துவிட்டாள்.

உள்ளே தட்டுத் தட்டாகப் பாடப்புத்தகங்கள். முட்டை வைக்கிற குழிகளில் ரப்பரும் பென்சில் துண்டுகளும். காய்கறி டப்பாவில் சான்றிதழ்கள்.

"மழை பெஞ்சா வீடு பூரா ஒழுகும்மா. நாங்க நனைஞ்சா காஞ்சிடுவோம். புஸ்தகம் அப்படியா? இது கதவு கெட்டியா மூடும், அதான்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "இது ஓடாது. ஒரு நாள்கூட ஓடினதில்ல."

அதிகாரி தாளைப் பிரித்தாள். ஃபிரிட்ஜ் என்று எழுதியதை அடித்துவிட்டு, புத்தக அலமாரி என்று எழுதினாள். தையல்காரி தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் பல நாள் இவள் எதிர்வீட்டுப் பக்கம் தலை காட்டவே இல்லை.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. படிப்பு முடிகிற வரை முழுச் செலவும் அவர்களுடையது. மகள் அதைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதாள். புருஷன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். இவள் கேட்கவில்லை, மேலே ஐஸ் வைக்கிற பெட்டிக்குள் பத்திரமாக வைத்து மூடினாள்.

சாயங்காலம் தையல்காரி வந்தாள். அந்த ஃபிரிட்ஜுக்கு ஒயரே கிடையாது என்பதை வண்டியிலிருந்து இறக்கிய அன்றே பார்த்தவள் அவள். கையில் கிண்ணம். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"அக்கா, ஐஸ் இருக்குமா?"

ஃபிரிட்ஜ்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கு. உள்ள வா" என்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாள்.