ஒரு காது நீண்ட அம்பு

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கேஸை மூடினான். வாசலில் ஷூவை எடுத்துப் படியில் தட்டினான். வலது ஒன்று. இடது ஒன்று. எதுவும் விழவில்லை. போட்டுக்கொண்டான்.

மூடி போட்ட வாளியில் கரைத்த சுண்ணாம்பு. ஒரு பிரஷ். புதுக்கோட்டையிலிருந்து ஏழு மணி டவுன் பஸ். தை மாத வெயில் கதிரவேலின் மடியில் வந்து உட்கார்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

மரபு நடைப் பாதை பழைய சத்திரத்தில் தொடங்கும். கூரை போய்விட்டது. தூண்களுக்கு நடுவே வானம்.

அங்கிருந்து கண்மாய்க் கரை. கரையில் எழுத்து வெட்டிய மடைக்கல். எருக்கஞ்செடிக்குள் வாளோடு நிற்கும் நடுகல். முடிவில் குன்றும் குடைவரையும். நான்கு ஊர், ஒன்பது கிலோமீட்டர். திருப்பத்துக்கு ஒன்றாக, சும்மா கிடக்கிற கற்களில், ஐந்து அம்பு.

அம்புகளைப் போட்டவள் சுடர்க்கொடி. அவன் மனைவி. ஊர் ஊராகக் கேட்டுப் பாதையைக் கோத்தவளும் அவள்தான். பெயிண்ட் வேண்டாம் என்றாள். சுண்ணாம்பு போதும். மழை அழிக்கட்டும், நாம் மறுபடி வருவோம் என்றாள்.

மழை அழித்தது. அவள் வரவில்லை.

போன ஐப்பசி அல்ல, அதற்கு முந்தைய ஐப்பசி. மழையோடு வந்த காய்ச்சல். ஆறு நாள். முப்பது வயது.

வரும் ஞாயிறு, இந்தப் பழைய கற்களைப் பார்த்து நடக்கிற குழு வருகிறது. அவள் இல்லாமல் முதல் தடவை. குழுவில் ஒருவர் போனில் சொன்னார். "அம்பெல்லாம் புதுசாப் போட்டுருங்க கதிர். அந்த அஞ்சாவதை அழிச்சிட்டு இடப்பக்கம் போடுங்க. வீணா ரெண்டு கிலோமீட்டர் சுத்து." சரி என்றான். அவன் இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரி என்கிறான்.

ஐந்தாவது அம்பு தப்பு. அதைப் போட்ட அன்று அவள் நிழலைத் தேடிப் பாறைக்கு அந்தப் பக்கம் போய், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தாள். இடப்பக்கம், இடப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே தன் இடப்பக்கம் காட்டிப் பாறையின் தலையில் போட்டாள். நடந்து வருகிறவனுக்கு அது வலது.

முதல் நடையில் நாற்பது பேர் வழி மாறி யார் வீட்டு ஆட்டுப்பட்டியிலோ போய் நின்றார்கள். அவன் குடைவரையில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு காத்திருந்தான். சோறு ஆறியது. அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டு நாள்.

முதல் அம்பு இல்லை. மழை ஓடிய கோடு மட்டும். போட்டான். இரண்டாவது இல்லை. போட்டான். மூன்றாவது இல்லை. நான்காவதில் பாசி. சுரண்டிவிட்டுப் போட்டான்.

எல்லாம் நேரான அம்பு. அவளுடையது அப்படி இருக்காது. இடக்கைக்காரி. முனையில் ஒரு கோடு நீளும், ஒரு கோடு குறுகும். ஒரு காதை மடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டுக்குட்டி மாதிரி.

நடுகல்லைத் தாண்டினான். எருக்கம்பூ. தட்டான். கண்மாயில் தண்ணீர், தண்ணீரில் வெயில். அவள் பார்க்காத மழை நிரப்பிய தண்ணீர்.

ஐந்தாவது பாறை.

வெள்ளையாக இருந்தது. பளிச்சென்று, போன வாரம் போட்டதுபோல. ஒரு காது நீளம். ஒரு காது குட்டை.

வாளியைக் கீழே வைத்தான்.

அவள் கை. மற்ற நான்கு கல்லிலும் போய்விட்ட அவள் கை. இதை அழிக்கத்தான் வந்திருந்தான். ஈரத்துணியால் தேய்த்தால் ஐந்து நிமிஷ வேலை.

வாளியை எடுத்துக்கொண்டு, அம்பு காட்டிய பக்கம் நடந்தான்.

ஒரு கிலோமீட்டர். இருபுறமும் வேலிக்கருவை. பிறகு ஓர் ஓட்டு வீடு. சுவரில் அதே வெள்ளை. சாணி மெழுகிய வாசலில் தண்ணீர்ப் பானை, மேலே கவிழ்த்த சொம்பு. ஷூவை வேலியோரம் கழற்றினான். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். பஞ்சவர்ணம் என்று பெயர். நாற்பத்தைந்து இருக்கும்.

"அம்பு பாத்து வந்தீகளா? ஒத்தையாவா? மந்தையாவுல்ல வருவாக!"

"அதை யாருக்கா போட்டது?"

"போட்டது ஒரு புள்ள. பொங்கலுக்குப் பொங்கல் நான் பூசுறேன். செவுத்துக்கு அடிச்ச மிச்சம். அது போட்ட கோட்டு மேலயேதான் பூசுவேன். கோணலுக்கு நான் பொறுப்பில்ல."

"அது தப்பான வழிக்கா."

"தெரியுமே. நாப்பது பேரு வந்து நிக்கவும், ஆடு தொலச்ச ஊரு சண்டைக்கு வந்துருச்சோன்னு வெலவெலத்துப் போனேன். தண்ணி கேட்டாக. போகையில அந்தப் புள்ள, மாத்திப்புடறேன்க்கான்னுச்சு. மாத்துனியோ நானே வந்து இங்கிட்டுத் திருப்பிப் போடுவேன்னேன். இந்த வீட்டுக்கு வேற யாரு வாரா?" வழியை எட்டிப் பார்த்தாள். "அது எங்க, வரலியா?"

"என் வொய்ஃப்தான்க்கா. தவறிட்டா."

அவள் குழையைக் கீழே போட்டாள். ஆடுகள் அதை இழுத்து மென்றன. பிறகு சொம்பை நிமிர்த்தி மொண்டு நீட்டினாள்.

பானைத் தண்ணீர். குளிர்ந்தது. தொண்டையில் இறங்குவது தெரிந்தது. பதினைந்து மாதமாக எது இறங்கியதும் தெரிந்ததில்லை. இன்னொரு சொம்பு கேட்டான். கேட்டு வாங்கிக் குடித்தான்.

குழுவுக்கு ஒரு வரி அனுப்பினான். வழி வலப்பக்கம்தான். தண்ணீர் உண்டு.

"ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வருவாங்கக்கா."

"வரட்டும். ரெண்டு பானை வக்கிறேன்."

மிச்சச் சுண்ணாம்பை வாளியோடு அவள் சுவரோரம் வைத்தான். அடுத்த பொங்கலுக்கு ஆகும். நன்றி என்று சொல்ல வாயெடுத்தான். அந்த வார்த்தை சிறிதாக இருந்தது.

வேலியோரம் போய் ஷூவை எடுத்தான். கல்லில் தட்டினான். வலது ஒன்று. இடது ஒன்று.

"என்ன தம்பி, இம்புட்டுப் பயமா? எங்க ஊருத் தேளு விருந்தாளிய ஒண்ணும் பண்ணாது."

சிரித்துவிட்டான். சிரித்ததும் கண் கலங்கியது. இரண்டையும் துடைக்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று துக்கத்துக்கு வந்த எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றான். சொல்கிற மாதிரி ஏதும் இல்லை என்று நினைத்தான்.

ஐசியூவுக்குள் ஐந்து நிமிஷம் விட்டார்கள். ஷூவை வெளியே விட்டுவிட்டுப் போனான். ஜன்னலில் மழை. அவள் கண் திறந்தாள். அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

அதைப் பஞ்சவர்ணத்திடம் சொன்னான். முதல் தடவையாக. சுடர்க்கொடி சொன்னபடியே.

"கதிர், மழைக்குப் பூச்சி ஏறியிருக்கும். ஷூவைத் தட்டிட்டுப் போடு."