நோக்கம் என்ற இடத்தில் ஒரு வரி

வாரிக் பென்ஹாலிகனை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும். ஜசிந்தா டல்லிக்கு மூன்று வாரமாக இதே பாடு. அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் அவருடைய கேலண்டர் சம்மதிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ என்ற ஊரில் டிராக்டருக்கும் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கும் காப்பீடு செய்யும் கம்பெனி அது. இழப்பீடு கேட்டு வரும் மெயில்களைப் பிரித்து உரியவர்களுக்கு அனுப்புவது வாரிக்கின் வேலை. அதை இனி மெல்பர்னில் ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. ஜூன் கடைசிக்குள் அவரை உட்காரவைத்து முறைப்படி சொல்லியாக வேண்டும். தவறினால் அவர் நாற்காலி ஜூலையில் தொடங்கும் அடுத்த நிதியாண்டுக் கணக்கில் ஏறிவிடும். பிறகு ஒரு வருடத்துக்கு யாராலும் அசைக்க முடியாது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த ஊரில் அந்த வயதுக்காரருக்கு இன்னொரு நாற்காலி போட ஆளில்லை. அது தெரிந்திருந்தும், சொல்லும் பொறுப்பு அவருடைய மேலாளர் ஜசிந்தாவின் தலையில் விடிந்தது.

"கூட்டத்துக்குக் கூப்பிடு. ஆனா விஷயம் என்னன்னு எழுதித் தொலைச்சிடாத," என்றாள் மெல்பர்னில் பணியாளர் துறையைப் பார்க்கும் சிமோன். "'சும்மா ஒரு பேச்சு'ன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். மேலாளரிடமிருந்து 'சும்மா ஒரு பேச்சு' வந்தால், விவரம் தெரிந்தவர்கள் மேசைமேல் இருக்கும் குடும்பப் படத்தைப் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போவார்கள். வாரிக்கின் கணினிக் கேலண்டருக்கு அந்த விவரமெல்லாம் கிடையாது. நோக்கம் எழுதாத அழைப்பு வந்தால் அவர் கண்ணில் காட்டாமலே மறுத்துவிடும்படி அதைப் பழக்கி வைத்திருந்தார். ஜசிந்தா ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிடும்: "நோக்கம் குறிப்பிடப்படவில்லை. வர இயலாது. அன்புடன், வாரிக்."

அவள் யாரை நொந்துகொள்ள முடியும்? இரண்டு வருடத்துக்கு முன் அவரை எழுப்பி நிற்கவைத்து, அலுவலகத்துக்கே வகுப்பெடுக்கச் சொன்னது அவள்தான். மெயிலை மாத்திரை மாதிரி மூன்று வேளை மட்டும் திறங்கள் என்றார். நகலாக வரும் மெயிலெல்லாம் தனியாக ஒதுங்கட்டும், வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்திருக்கும். காலை நேரத்தைக் கேலண்டரில் உங்களுக்கே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஊரான் எழுதிவிடுவான். எதற்குக் கூட்டம் என்று ஒரு வரி எழுத முடியாதவனுக்கு அரை மணி நேரம் எதற்கு? எல்லோரும் கைதட்டினார்கள், லாமிங்டன் கேக்கைத் தின்றார்கள், தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டு எழுந்தபோதே மறந்தும் போனார்கள். சொன்னபடி நடந்தவர் வாரிக் ஒருவர்தான்.

திங்கட்கிழமை அவள் நேராக அவர் மேசைக்கே போனாள்.

"வாரிக், என் அழைப்பக் கொஞ்சம் ஏத்துக்கயேன்."

"அனுப்பினியா என்ன? எதுக்காம்?"

"சும்மா... பேசத்தான்."

"சும்மா பேசணும்னா டீ ரூமுக்கு வா. அதுக்கு எதுக்கு ஒரு அறை, ஒரு கதவு?"

டீ ரூமில் நாலு பேர் சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்துச் சொல்கிற விஷயமா அது?

"எழுத வரலன்னா வரலன்னு சொல்லு ஜஸ், அதுல என்ன வெக்கம்?" என்றார் வாரிக். "என்ன நடந்துச்சு, நான் என்ன செய்யணும். அவ்வளவுதான். பூசி மெழுகாத. படிக்கிறவன் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும்னா அது மெயில் இல்ல, விடுகதை."

வியாழக்கிழமை காலை சிமோன் போனில் காய்ச்சி எடுத்தாள். "நாளையோட ஜூன் முடியுது. ஒரு ஆளக் கூட்டத்துக்குக் கூப்பிடத் துப்பில்ல, நீயெல்லாம் என்ன மேலாளர்?"

ஜசிந்தா போனை வைத்தாள். கோபத்தில் பாதியும் வெறுப்பில் பாதியுமாக, நோக்கம் என்ற இடத்தில் எழுதினாள்: "வாரிக், ஜூலையிலிருந்து உன் வேலை இல்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன். துணைக்கு ஒருவரை அழைத்து வா."

மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "நோக்கம் தெளிவு. வருகிறேன். அன்புடன், வாரிக்."

சொன்னது கேலண்டர்தான். வாரிக் அடுத்த முறை மெயிலைத் திறப்பது பதினொன்றரைக்கு. அதுவரை அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்த மனுஷரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் போனில் யாரோ சொன்னதற்குச் சிரித்தார்.

பதினொன்றரைக்கு அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி படித்தார். பிறகு அதை உரிய இடத்தில் சேமித்துவிட்டு அடுத்த மெயிலைத் திறந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவர் தொழிற்சங்கத்து ஷெரிலோடு வந்தார். சிமோன் மெல்பர்னிலிருந்து திரையில் இருந்தாள். ஷெரில் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"'முடிவு எடுத்தாகிவிட்டது.' இத எழுதினது நீதானேம்மா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி இவர்கிட்ட யாராவது கலந்து பேசினீங்களா?"

"இல்ல. எங்க பேச? கேலண்டர் விடல."

"வேலைய எடுக்கிறதுன்னா முதல்ல ஆளக் கேக்கணும், அப்புறம்தான் முடிவெடுக்கணும். அதுதான் சட்டம். இங்க தலைகீழா நடந்திருக்கு." ஷெரில் காகிதத்தை மடித்துக்கொண்டாள். "எல்லா ஆபீஸ்லயும் தலைகீழாத்தான் நடக்குது, நான் பாக்காததா? ஆனா அத எழுத்துல போட்டுக் குடுத்தவ நீ ஒருத்திதான். இனி முதல்ல இருந்து ஆரம்பிங்க. இன்னைக்கு முடியாது."

திரையில் சிமோனின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒலியை அடைத்து வைத்திருந்தாள். திறந்ததும் கேட்டது இதுதான்: "ஜசிந்தா, உன்ன உண்மைய எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான்," என்றார் வாரிக்.

திரை கறுத்தது. ஷெரில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். அன்றோடு ஜூன் முடிந்தது; வாரிக்கின் நாற்காலி ஒரு வருடத்துக்குத் தப்பித்துவிட்டது. ஜசிந்தாவின் நாற்காலி என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

"உன்னக் காப்பாத்தணும்னு எழுதல வாரிக். அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. உன்ன அனுப்பத்தான் எழுதினேன்."

"தெரியும்."

"படிச்சப்போ..."

"பயந்துதான் போனேன். அப்புறம் ஒரு மாதிரி நிம்மதியாவும் இருந்துச்சு." வாரிக் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினார். "மூணு வாரமா என்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே. உன் மனசு நோகிற மாதிரி என்ன செஞ்சேன்னு தினம் வீட்ல உக்காந்து யோசிச்சேன். ஒரு வரிதானே ஜஸ். முதல் நாளே எழுதியிருக்கக் கூடாதா?"